மைசூருக்கு வேலை மாற்றமா? லாரி பேசுவதற்கு முன் நாளைப் பேசுங்கள்

திங்கட்கிழமை மைசூரில் பணியில் சேர வேண்டும். சனிக்கிழமை சென்னையில் சாமான் ஏற்றினால் ஞாயிறு காலை வந்துவிடும், மாலைக்குள் அடுக்கிவிடலாம் என்று கணக்குப் போடுகிறோம். லாரி ஞாயிறு இரவு வருகிறது. இல்லையென்றால் திங்கள் மதியம். சேர்ந்த முதல் நாளே புது மேலாளர் முன் நின்று அரை நாள் விடுப்பு கேட்க வேண்டியதாகிறது.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். பணியில் சேரும் தேதியை முதலில் எழுதிவிட்டு அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். லாரி வரவேண்டிய நாளுக்கும் சேரும் நாளுக்கும் நடுவே மூன்று முழு நாட்கள் இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் ஒரு டயர் பஞ்சரானாலே திட்டம் குலைந்துவிடும்.

அந்த மூன்று நாளை எங்கிருந்து எடுப்பது? மத்திய அரசு ஊழியர்களுக்கு விதியே வழி விடுகிறது. உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் என்று மைசூரில் மத்திய அரசுப் பணியிடங்கள் நிறைய. பொது நலன் கருதிய இடமாற்றத்தில் வீடும் மாற வேண்டியிருந்தால், 1979-ஆம் ஆண்டின் சேர்கால விதிகளின்படி 1,000 கிலோமீட்டருக்குள் என்றால் புது இடத்தில் சேர 10 நாள் அவகாசம் (சேர்காலம்) உண்டு. தமிழ்நாட்டின் எந்த ஊரிலிருந்தும் மைசூர் அந்தத் தூரத்துக்குள்தான். எடுக்காத நாட்கள் ஈட்டிய விடுப்பில் சேரும். ஆனாலும் பலர், தாமதித்தால் அதிகாரி என்ன நினைப்பாரோ என்று இரண்டாம் நாளே ஓடிப் போய்ச் சேர்ந்துவிட்டு, பிறகு ஒரு மாதம் சாமானோடு அல்லாடுகிறார்கள். உங்களுக்குரிய நாட்களைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள்.

தனியார் நிறுவனம் என்றால் பேச வேண்டிய நேரம் பணி நியமனக் கடிதத்தில் கையெழுத்திடும் முன்தான். இடமாற்றச் செலவு உண்டா, ரொக்கமா, ரசீது காட்டிப் பெறுவதா, முதல் இரண்டு வாரம் விருந்தினர் விடுதி கிடைக்குமா என்று மின்னஞ்சலில் கேட்டு, மின்னஞ்சலிலேயே பதில் வாங்குங்கள். ரசீது முறை என்றால் ஜிஎஸ்டி எண் உள்ள பில்லாக இருக்க வேண்டும். துண்டுச் சீட்டில் எழுதித் தருபவரிடம் லாரி பேசினால் அந்தப் பணம் திரும்பி வராது.

இப்போது நாள் பார்ப்போம். நம்மில் பலர் ஆடியில் வீடு மாற மாட்டோம். கன்னடர்களுக்கு ஆஷாடம் அப்படி. ஆனால் இரண்டும் ஒரே மாதமல்ல. ஆஷாடம் சந்திரக் கணக்கில் பெரும்பாலும் ஜூன் பிற்பகுதியில் தொடங்கி ஜூலையில் முடியும், ஆடி ஜூலை நடுவில்தான் பிறக்கும். ஆகவே நமது ஆனி மாதத்தில், அவர்களது ஆஷாடத்தில், மைசூரில் வீடு மாறுவோர் குறைவு. வீட்டு ஓனர் வாடகை பேச இறங்கி வருவார், இறக்குக் கூலி ஆட்களும் சுலபமாகக் கிடைப்பார்கள். மாதக் கடைசி இரண்டு நாளும் ஒன்றாம் தேதியும் எல்லா ஊரிலும் வண்டிக்கு அடிதடி. 10 முதல் 20 தேதிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சில நாள் கூடுதல் வாடகை போகட்டும்.

தசரா பத்து நாளைத் தவிர்த்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். விஜயதசமியன்று ஜம்பு சவாரி அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை சுமார் 5 கிலோமீட்டர் போகும். நகரின் நடுப்பகுதிச் சாலைகள் மூடப்படும். மற்ற மாலைகளிலும் விளக்கு அலங்காரம் பார்க்க வரும் கூட்டத்தால் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். லாரி தாமதமானால் குடும்பத்தோடு தங்கலாம் என்றாலும் விடுதியில் அறை கிடைப்பது கடினம்.

பால் காய்ச்சுவதும் சாமான் இறக்குவதும் ஒரே நாளில் வேண்டாம். பல வீடுகளில் தாமதத்துக்குக் காரணமே இதுதான். வண்டி திங்கள் காலை 7 மணிக்கே வாசலில் நிற்கும். ராகு காலம் 7.30 முதல் 9 வரை. அதற்குள் பால் காய்ச்ச முடியாது, காய்ச்சாமல் சாமானை உள்ளே விட அம்மா சம்மதிக்க மாட்டார். கூலி ஆட்கள் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்து, அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் கிளம்புவார்கள். வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுக்கப் போகும் பயணத்திலேயே ஒரு நல்ல நேரத்தில் பாலைக் காய்ச்சிவிட்டு வந்துவிடுங்கள். அதன் பிறகு லாரி எந்த நேரத்தில் வந்தாலும் வரட்டும்.

அடுத்தது பாதை. கோவை, ஈரோடு, திருப்பூரிலிருந்து வருபவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது திம்பம். பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகள், சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2022 பிப்ரவரி முதல் அங்கே இரவுத் தடை நடைமுறையில் இருக்கிறது. கனரகச் சரக்கு வாகனங்களுக்கு மாலை 6 முதல் காலை 6 வரை. கோவையில் காலை 10 மணிக்குப் பெட்டி கட்டத் தொடங்கி மூன்றரைக்கு வண்டியைக் கிளப்பினால், அது பண்ணாரியை நெருங்கும்போது நேரம் இருக்காது. சாமான் ஒரு இரவு முழுக்கச் சோதனைச் சாவடியில் நிற்கும். பெட்டிகளை முந்தைய நாளே கட்டி முடித்து, காலையில் ஏற்ற மட்டும் செய்யுங்கள். நண்பகலுக்குள் வண்டி நகர வேண்டும். நீலகிரியிலிருந்து வருபவர்களுக்கு பந்திப்பூர் இருக்கிறது. 2009 முதல் அங்கே இரவு 9 முதல் காலை 6 வரை தடை.

சென்னையிலிருந்து வரும் வண்டிக்குக் காடு இல்லை, பெங்களூரு இருக்கிறது. ஓசூர் தாண்டி நைஸ் சாலையில் ஏறி மைசூர் சாலையைப் பிடிக்கச் சொல்லுங்கள். சுங்கக் கட்டணம் யார் தலையில் என்பதை முன்பே பேசிவிடுங்கள். 2023 மார்ச்சில் திறந்துவைக்கப்பட்ட பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலை 118 கிலோமீட்டர். அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் அதன் பிரதான பாதையில் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை. பைக்கைத் தனியே ஓட்டி வரலாம் என்று நினைப்பவர்கள் சர்வீஸ் சாலையில்தான் வர வேண்டும். ரயிலில் பார்சலாக அனுப்பிவிடுவது மேல். பெட்ரோலை வடித்துவிட்டு, ஆர்சி நகலோடு போங்கள்.

வண்டி பேசும்போது முதல் கேள்வி: முழு வண்டியா, பங்கு வண்டியா? பங்கு வண்டியில் வேறு இரண்டு மூன்று வீட்டுச் சாமானும் வரும், நடுவில் கிடங்கில் இறக்கி மாற்றி ஏற்றுவார்கள். விலை குறைவு, ஆனால் வரும் நாள் உங்கள் கையில் இல்லை. பணியில் சேரும் தேதி நெருக்கத்தில் இருப்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம். கூடுதலாகச் சில ஆயிரம் போனாலும் முழு வண்டியே எடுங்கள். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சாமான் ஏற்றியதற்கு ரசீது தர வேண்டியது அவர்கள் கடமை. அதில் சாமான் பட்டியல், மதிப்பு, வண்டி எண், பேசிய தொகை எல்லாம் இருக்கட்டும். ஏற்றிய பிறகு கூடுதல் பணம் கேட்டு இறக்க மறுக்கும் ஆட்கள் உண்டு. அப்போது இந்தத் தாள் ஒன்றுதான் துணை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அடுத்தது முகவரி. அதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் சாமான் லாரி பெங்களூரு விஜயநகரில் போய் நின்றது. நாங்கள் மைசூரு விஜயநகரில் காத்திருந்தோம். அரை நாள் அப்படியே போயிற்று. விஜயநகர், ஹெப்பாள், ஜெயநகர் மூன்றும் இரண்டு ஊரிலும் இருக்கின்றன. மைசூரு விஜயநகருக்குள்ளும் நான்கு ஸ்டேஜ், ஒவ்வொன்றிலும் மெயின், கிராஸ் எண்கள் திரும்பத் திரும்ப வரும். ஓட்டுநருக்கு ஊர்ப் பெயரை முதல் வரியிலும், 570 என்று தொடங்கும் பின்கோடையும் (பெங்களூருக்கு 560), பக்கத்தில் உள்ள கோயிலோ பள்ளியோ ஒரு அடையாளத்தையும், செயலியில் இருப்பிடக் குறியையும் சேர்த்து அனுப்புங்கள். ஹெப்பாள், விஜயநகர், போகாதி போகும் வண்டி நகருக்குள் நுழையாமல் வெளிவட்டச் சாலையிலேயே திரும்பிவிடலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். அடுக்ககம் என்றால் லிஃப்ட், வண்டி நிறுத்துமிடம் இரண்டுக்கும் சங்கத்தில் முன்அனுமதி வேண்டும். சில இடங்களில் ஞாயிறன்று சாமான் இறக்கவே விடமாட்டார்கள்.

சில வேலைகளை ஒரு வாரம் முன்பே முடிக்க வேண்டும். சிலிண்டரை லாரியில் ஏற்றக் கூடாது. ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, வைப்புத்தொகையோடு டெர்மினேஷன் வவுச்சர் வாங்குங்கள். அதைக் காட்டித்தான் மைசூரில் இணைப்பு எடுக்க முடியும். புது இணைப்பு வரும்வரை சமையலுக்கு இண்டக்ஷன் அடுப்பு போதும். ஃபிரிட்ஜை முந்தைய நாளே அணைத்துக் காயவிடுங்கள். முன்பக்கக் கதவு உள்ள வாஷிங் மெஷினுக்கு டிரம்மைப் பூட்டும் போல்ட்டுகளைத் தேடி எடுத்து மாட்டுங்கள். அவை இல்லாமல் திம்பம் ஏறினால் டிரம் கழன்றுவிடலாம். கிரைண்டர் கல்லைத் தனியே சாக்கில் கட்டுங்கள். ஏசியைக் கழற்ற ஆள் வரவில்லை என்று வண்டியைக் காக்க வைப்பவர்களுக்கு ஒரு யோசனை: மைசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 760 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் ஏசி இல்லாமலே கோடையைக் கடக்கிறார்கள். விற்றுவிட்டு வரலாம்.

நியமனக் கடிதம், சான்றிதழ்கள், ஆதார், வாடகை ஒப்பந்தம், மருந்து, நகை, முதல் வாரத்து அலுவலக உடை, மடிக்கணினி எல்லாம் உங்களோடு வர வேண்டும். லாரி மூன்று நாள் தாமதமானாலும் நீங்கள் இஸ்திரி போட்ட சட்டையோடு அலுவலகம் போக முடிய வேண்டும்.

கார், பைக்கை மைசூரிலேயே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் கர்நாடகப் பதிவு எண் எடுக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அதற்குத் தேவையான தடையில்லாச் சான்றுக்கு ஊரிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். மின் இணைப்பில் 200 யூனிட் வரை இலவசம் தரும் கிருக ஜோதி திட்டம் வாடகைக்காரர்களுக்கும் உண்டு. முன்பு இருந்தவர் தன் ஆதாரை அந்த இணைப்பிலிருந்து நீக்கிவிட்டாரா என்று சாவி வாங்கும்போதே ஓனரிடம் கேளுங்கள்.

வண்டி வந்து நின்றதும் பட்டியலை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். அந்த ஓட்டுநர் இரவு முழுவதும் கண்விழித்து வந்திருப்பார். முகம் கழுவத் தண்ணீரும் சூடாக ஒரு காபியும் முதலில் கொடுங்கள்.