வயிற்றில் அடித்த கேஸ் எங்கே போகிறது?

பித்தப்பைக் கல்லுக்கோ குடல்வாலுக்கோ லேப்ராஸ்கோப்பி என்று முடிவானால் போதும், சேலம், நாமக்கல் பக்கம் ஒரு பேச்சு கட்டிலைச் சுற்றி வந்துவிடுகிறது: “வயித்துல காத்தடிச்சுத்தான் பண்ணுவாங்க. அது முழுசா வெளிய வராது, உடம்புலயே சுத்திட்டிருக்கும்.” அதன்பிறகு ஐந்து வருடம் கழித்து வரும் முதுகுவலி, மூட்டுவலிக்கெல்லாம் அந்தக் காற்றே குற்றவாளி. இதில் ஒரு வார்த்தைகூட உண்மையில்லை. முதலில், அடிப்பது காற்றே அல்ல, கார்பன் டை ஆக்ஸைடு. நம் உடம்பு ஓயாமல் உண்டாக்கி மூச்சில் வெளியே விடும் அதே வாயு. திசுக்களுக்குள் ஆக்ஸிஜனைவிட சுமார் 20 மடங்கு எளிதாகப் பரவும். ஆபரேஷன் முடிந்ததும் பெரும்பகுதியை வந்த துளை வழியாகவே வெளியேற்றிவிடுவார்கள். மிச்சம் வயிற்றின் உட்சவ்வு வழியாக ரத்தத்தில் கரைந்து, நுரையீரலுக்குப் போய், மூச்சோடு வெளியேறிவிடும். சில நாளில் தீர்ந்துபோகும் வாயுவுக்கு ஐந்து வருடப் பழி எதற்கு?

“அப்படியானால் தோள்பட்டை ஏன் வலிக்கிறது?” என்பார்கள். நியாயமான கேள்விதான். வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் உதரவிதானத்தை இந்த வாயு உறுத்துகிறது. அதற்கான நரம்பு கழுத்திலிருந்து இறங்குகிறது, தோளின் நரம்பும் அதே இடத்தில் புறப்படுகிறது. அதனால் மூளை இடத்தை மாற்றிப் புரிந்துகொள்கிறது. காற்று தோளுக்கு ஏறவில்லை. எழுந்து நடந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அடங்கும். வலி நாளுக்கு நாள் கூடினாலோ, காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தாலோ ‘வாயு’ என்று கஷாயம் வைக்காமல் ஆஸ்பத்திரிக்குத் திரும்புங்கள். ‘வயிறு வெடித்துவிடும்’ என்ற பயத்துக்கு நாமக்கல்காரர்களிடம் பதில் சொல்வது சுலபம். லாரி டயருக்கு நூறு பவுண்டுக்குக் குறையாமல் காற்று பிடிப்பார்கள். வயிற்றுக்குள் வைப்பது பொதுவாக 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். டயர்க்கடைக் கணக்கில் அது அரைக்கால் பவுண்டுக்கும் அரை பவுண்டுக்கும் நடுவில் நிற்கும். அந்த அளவைத் தொட்டதும் இயந்திரம் தானே வாயுவை நிறுத்திக்கொள்ளும்.

அதற்காக ஆபத்தே இல்லை என்பதும் பொய்தான். அந்தச் சிறு அழுத்தமே உதரவிதானத்தை மேலே தள்ளி நுரையீரலை நெருக்கும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைக்கும். சவ்வு சட்டென்று விரியும்போது சிலருக்கு நாடித்துடிப்பு இறங்கும். உடனே வாயுவை வெளியே விட்டு மருந்து கொடுப்பார்கள். ரத்தத்தில் கூடும் கார்பன் டை ஆக்ஸைடை மயக்க மருத்துவர் செயற்கை சுவாசத்தைக் கூட்டி வெளியேற்றுகிறார். வெளிமூச்சில் அது எவ்வளவு வருகிறது என்று காட்டும் கேப்னோகிராஃப்தான் அவருக்குக் கண். ஆகவே இதயக் கோளாறு, ஆஸ்துமா, பீடிப் பழக்கம் எதையும் அவரிடம் மறைக்காதீர்கள். ‘சின்ன ஓட்டை, சின்ன ஆபரேஷன்’ என்பது தவறு, ஓட்டைதான் சின்னது. ‘லேசர் ஆபரேஷன்’ என்பதும் தவறு. உள்ளே போவது கேமரா.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறு. 2014 நவம்பரில் ஒடிசாவின் அங்குல் மாவட்டத்தில், கருத்தடை முகாம் ஒன்றில் சைக்கிள் பம்பால் பெண்களின் வயிற்றுக்குள் காற்றடித்தார்கள். வெறும் காற்றில் பெரும்பங்கு நைட்ரஜன். அது ரத்தத்தில் லேசில் கரையாது. ரத்தக்குழாய்க்குள் நுழைந்தால் குமிழியாக நின்று உயிரை வாங்கும். தப்பு கார்பன் டை ஆக்ஸைடில் இல்லை, வசதியில்லாமல் அவசரமாக நடத்துவதில். அதைவிடப் பெரிய கேள்வி, கருத்தடைக்குப் பெண்ணின் வயிற்றை ஏன் ஊத வேண்டும்? ஆணுக்கான தழும்பில்லா வாசெக்டமிக்கு வாயுவும் வேண்டாம், முழு மயக்கமும் வேண்டாம். சில நிமிடங்களில் முடியும். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. ‘பண்ணிக்கிட்டா பாரம் தூக்க முடியாது’ என்று ஆண்கள் சொல்லும் கதைதான், வயிற்றில் தங்கும் காற்றைவிடப் பெரிய புரளி.