நாக்கைப் பழக்கலாம், எந்த வயதிலும்!

சிறு வயதிலிருந்து வந்த சாப்பாட்டுப் பழக்கம் ஒரே நாளில் மாறாது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக நிச்சயம் மாறும்.

* ஒரு வாரம் மட்டும் எழுதி வையுங்கள்: என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, பசித்ததா? மாலை நாலு மணிக்குக் கை முறுக்கு டப்பாவைத் தேடுவது பசியாலா, டீயோடு ஒட்டிக்கொண்ட வழக்கத்தாலா என்று புரிந்துவிடும்.

* டப்பாவைக் கண்ணில் படாத மேல் தட்டில் வையுங்கள். அது இருந்த இடத்தில் கொய்யாவோ வேகவைத்த சுண்டலோ இருக்கட்டும்.

* காபிக்கு 2 ஸ்பூன் சர்க்கரையா? ஒன்றரையாக்குங்கள். இரண்டு வாரம் கழித்து ஒன்று.

* உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தயிர்சாதத்துக்கு ஊறுகாய், அப்பளம் இரண்டும் வேண்டாம், ஒன்று போதும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

* தட்டில் பொரியலும் கூட்டும் முதலில், சோறு பிறகு. மறுசோறு போடும் முன் பத்து நிமிடம் பொறுங்கள்.

* ஒரு நாள் தவறினால் மனம் தளராதீர்கள். புதிய பழக்கம் படிய சராசரியாக 66 நாட்கள் ஆனதாக லண்டனில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.