அறப்பணிக்கு ஆள் அமர்த்துதல்

அன்று பேராக் தோட்டங்களுக்குக் கங்காணிகள் தம் ஊராரையும் உறவினரையும் ஆள் சேர்த்தனர். 1938-இல் இந்திய அரசு தடை விதித்ததும் அம்முறை முடிந்தது. ஆயினும் அறநிலையங்களில் ‘தெரிந்தவர்’ என்பதற்காக வாய்ச்சொல்லில் ஆள் எடுக்கும் பழக்கம் முற்றாக நீங்கவில்லை.

தொண்டர் வேறு, ஊழியர் வேறு. சம்பளத்துக்கு உழைப்பவர் ஊழியர். மடைப்பள்ளியாயினும் அலுவலகமாயினும் வேலையை அறிவித்து, நேர்காணல் நடத்தி, நியமனக் கடிதம் தருவதே முறை.

2025-இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அறுபது வயதுக்குட்பட்ட குடிமக்களுக்கு ஊழியர் சேமநிதியில் நிர்வாகத்தின் பங்கு 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி. ஊழியர் பங்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி. சொக்சோவும் கட்டவேண்டும்.

இவற்றைக் கட்டாமல் விட்டால், பல்லாண்டு அன்னதானம் சமைத்தவரே முதுமையில் பிறர் கையை எதிர்பார்க்க நேரும். நிர்வாகத்தினர் இதனைச் சிந்திப்பார்களாக.