சீமை அத்திப் போத்துகளில் வேர் பிடிக்கச் செய்தல்

சீமை அத்தியை விதையிட்டு வளர்த்தால் தாய்மரத்தின் குணம் வருமென்பது நிச்சயமில்லை. ஆகையால் தோட்டம் வைப்போர் பெரும்பாலும் போத்து நட்டே கன்று உண்டாக்குகின்றனர். 2016-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்ற, புணே ஜில்லா புரந்தர் தாலூகா அத்தியும் இவ்விதம் விருத்தி செய்யப்படுவதே. சுலபமான வேலையென்று பெயர். ஆயினும் நட்டவற்றில் பல பட்டுப்போவதைக் காணாத தோட்டக்காரர் அரியர்.

அவை பட்டுப்போகும் விதம் கவனிக்கத்தக்கது. நட்ட சில வாரங்களுக்குள் மேற்கணுக்கள் தளிர்த்து இரண்டோர் இலை விரிகின்றன. குடியானவர் கன்று பிடித்துவிட்டதென்று மகிழ்ந்து தாராளமாய்த் தண்ணீர் விடுகிறார். பின்னர் இலை வாடித் தொங்குகிறது. பிடுங்கிப் பார்த்தால் வேர் இராது, அடிப்பட்டை கறுத்து அழுகியிருக்கும். முதல் தளிர் வேரின் பலத்தால் வந்ததன்று. தண்டில் சேமிக்கப்பட்டிருந்த மாவுப்பொருளைக் கொண்டு வந்ததேயாம். வேரில்லாத போத்துக்கு இலையானது தண்ணீர்ச் செலவேயன்றி வரவன்று.

ஆகவே போத்தின் தலை குளிர்ந்தும் அடி வெதுவெதுப்பாயும் இருத்தல் வேண்டும். அடிமணலில் 70 முதல் 80 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணம் வேர் விடுவதற்கு ஏற்றது. குளிர்தேசங்களில் இதற்காகத் தொட்டியின் கீழே சூடேற்றுவார்கள். தமிழ்நாட்டுச் சமவெளியில் அச்செலவு வீண். மார்கழி, தை மாதங்களில் நட்டு, மேல்வெயில் படாத இடத்தில் கீற்றுப் பந்தலின்கீழ் வைத்தலே போதும். சித்திரை வெயிலில் தொட்டி மணல் 100 டிகிரிக்கு மேல் ஏறுமாதலால் தளிர் முந்திக்கொள்ளும், அழுகலும் விரையும்.

ஓராண்டு முதிர்ந்த, பென்சில் கனமுள்ள கிளையில் 8 அங்குல நீளம் எடுத்து, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, பால் வடிந்து உலர்ந்தபின் நடுக.

ஈரத்தில் மணலின் ஈரம் வேறு, காற்றின் ஈரம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாய் எண்ணுவதே நஷ்டத்திற்குப் பெருங்காரணம். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் இலை வாடாது. மணலில் மிகுந்தால் காற்றோட்டமின்றி அடி அழுகும். கழுவிய ஆற்றுமணலை ஒரு பிடி அள்ளி இறுக்கினால் உருண்டையாக நிற்கவேண்டும், விரலிடையில் நீர் சொட்டலாகாது. இவ்வளவைக் காப்பதற்கு எளிய உபாயம் ஒன்றுண்டு. அகன்ற மண்தொட்டியின் நடுவில், ஓட்டையில்லாத சிறு மண்கலயத்தைப் புதைத்து, சுற்றிலும் மணலிட்டுப் போத்துகளை நட்டு, கலயத்தில் மட்டும் நீர் நிரப்பி வருக. நீர் கசிந்து மணலைப் பதமாக வைக்கும். கலயம் மெருகு பூசப்படாததாயிருத்தல் அவசியம்.

தொட்டியின்மேல் மூங்கில் வளைத்து நனைத்த கோணியால் மூடினால் காற்றின் ஈரம் நிலைக்கும். காலையில் சிறிது நேரம் திறந்துவிடாவிடில் பூசணம் படரும்.

வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்ப்பது கூடாது, இளவேர் அறுந்துபோம். முதல் இலைகளுக்குப்பின் வளர்ச்சி நில்லாது புதிய இலைகள் தொடர்ந்து வருதலே அடையாளம். இதற்கு ஏறக்குறைய 4 முதல் 6 வாரம் செல்லும். அதன்பின் கோணியை ஒரேநாளில் எடுத்துவிடாமல், முதலில் மாலையில் மட்டும், பிறகு இரவு முழுவதும் என ஒரு வாரத்தில் படிப்படியாக விலக்குக.