அருளானந்தரும் ஓர் அன்னையும்

கேள்வி: கருமாத்தூர்க் கல்லூரி தாங்கும் பெயருக்குரிய அருளானந்தர் நம்மைப் போன்ற மனிதர்தாமா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: ஐயமென்ன? 1647-இல் லிஸ்பனில் பிறந்து, பால்யத்தில் கடும் நோயுற்று, பிழைத்தபின் தாயின் நேர்த்திக்கடனால் ஓராண்டு இயேசு சபை அங்கி தரித்த அப்பிள்ளை, பிற்காலத்தில் அச்சபையிலேயே துறவியாகி, அதே தாய் தடுத்தும் கப்பலேறி, மதுரை மிஷனில் காவியுடுத்து, மரக்கறியே உண்டு, கால்நடையாய் அலைந்தார் என்று படிக்கையில், என் நெஞ்சம் முதலில் அந்த அன்னையிடமே செல்கிறது. மறவர் சீமையில் சித்திரவதைப்பட்டுத் தாயகம் சென்றபோது, பால்ய சிநேகிதரான போர்த்துகல் அரசர் தங்கும்படி வேண்டியும், அருளானந்தர் இங்கேயே மீண்டார். ஓரியூரில் தம் சிரச்சேதத்துக்கு முந்தின நாள், மையில்லாமையால் கரியை நீரில் குழைத்துச் சகதுறவிகளுக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் 1693 பிப்ரவரி 4. புனிதர் பட்டம் 1947-இல் வந்தது; தாங்கள் அந்தக் கடிதத்தைத் தேடிப் படியுங்கள்.