நோயைக் காட்டிக்கொடுக்கும் சர்க்கரை

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

‘அணு’ என்ற சொல் காதில் விழுந்ததும் நம் மனக்கண் முன் எழுவது என்ன? 1945 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களின் மேல் குடை விரித்த அந்தப் புகைமண்டலமே அன்றோ! அதே அணுவின் பெயரைத் தாங்கிய ஒரு பிரிவு இன்று பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. ‘அணுக்கரு மருத்துவப் பிரிவு’ என்று வாயிலில் பலகை இருக்கும். பக்கத்திலேயே மூன்று இதழ் விரித்த மஞ்சள் நிற எச்சரிக்கைச் சின்னமும் இருக்கும். அதைக் கண்டு கால் தயங்கி நிற்போர் பலர். அந்தக் கதவுக்குப் பின்னால் நடப்பது என்ன என்பதை, இவ்வாண்டு அணுக்கரு இயற்பியல் பாடம் படித்த நாங்கள், எங்களுக்கு விளங்கிய அளவில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

எக்ஸ்-கதிர்ப் படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மைதானத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்டவள் வகுப்புக்கு ஒருத்தியாவது இருப்பாள். அப்படம் எலும்பின் வடிவத்தைக் காட்டுகிறது. சி.டி. ஸ்கேன் உள்ளுறுப்புகளின் வடிவத்தை இன்னும் நுட்பமாகக் காட்டுகிறது. ஆனால் ஓர் உறுப்பு ஒழுங்காக வேலை செய்கிறதா, சோம்பிக் கிடக்கிறதா, அளவுக்கு மீறித் துள்ளுகிறதா என்பது வடிவத்தைப் பார்த்து மட்டும் தெரிவதில்லை. ஒரு வீட்டைத் தெருவில் நின்று பார்த்தால் சுவரும் கூரையும் தெரியும். உள்ளே அடுப்பு எரிகிறதா என்று அறியக் கூரைக்கு மேலே புகை வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அணுக்கரு மருத்துவம் அந்தப் புகையைப் பார்க்கிறது. எக்ஸ்-கதிர் வெளியிலிருந்து உடலை ஊடுருவிச் செல்கிறது. இங்கே நடப்பது நேர்மாறு. கதிர் வீசும் பொருளை மிகச் சிறிய அளவில் நோயாளியின் உடலுக்குள் அனுப்பிவிடுகிறார்கள். அது தனக்குரிய உறுப்பைத் தேடிச் சென்று தங்கி, உள்ளிருந்தபடியே கதிரை வெளியே அனுப்புகிறது. அதைக் கருவி வாங்கிப் படமாக்குகிறது.

இந்த எண்ணம் தோன்றிய கதை சுவையானது. ஹங்கேரி நாட்டைச் சேர்ந்த ஜார்ஜ் டி ஹெவிசி என்ற இளைஞர் 1911 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ரூதர்போர்டிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். தங்கியிருந்த விடுதியில் அவருக்கு ஓர் ஐயம். தட்டில் மீந்து போகும் இறைச்சியையே விடுதித் தலைவி வேறு உருவில் மறுபடியும் பரிமாறுகிறாரோ? கேட்டால் ஒப்புக்கொள்வாரா? ஒரு நாள், மீந்த உணவில் கதிரியக்கப் பொருளைச் சிறிது கலந்துவிட்டார். பின்னொரு நாள் சாப்பாட்டு மேசைக்குக் கதிரியக்கத்தைக் கண்டறியும் கருவியோடு வந்தார். பரிமாறப்பட்ட புதிய உணவில் கருவி அசைந்து காட்டிக்கொடுத்துவிட்டது! (விடுதி மாணவியர் இதைப் படித்துவிட்டு நம் விடுதிச் சாம்பாரை ஐயுற வேண்டாம். அப்படிப்பட்ட சோதனையை இன்று எவரும் அனுமதிக்கவும் மாட்டார்கள்.) விளையாட்டுப் போலத் தோன்றினாலும், கதிரியக்கத்தை அடையாளமாக வைத்து ஒரு பொருளின் பயணத்தைத் தொடரலாம் என்ற பெரிய உண்மை அதில் அடங்கியிருந்தது. 1923 இல் அவரைச் செடிகள் ஈயத்தை எப்படி உறிஞ்சுகின்றன என்பதை ஹெவிசி இதே முறையில் ஆராய்ந்தார். 1943 ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

அக்காலத்தில் கிடைத்தவை பெரும்பாலும் இயற்கையான கதிரியக்கப் பொருள்கள். அவை உடலுக்கு ஏற்றவை அல்ல. மேரி கியூரி அம்மையாரின் மகள் ஐரீனும் அவருடைய கணவர் ஜோலியோவும் 1934 இல் செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்தனர். சாதாரணத் தனிமத்தையே கதிர் வீசும்படி செய்ய முடியும் என்பது அதனால் தெரிந்தது. அதே ஆண்டு ஜூலையில் கண்மூடிய மேரி அம்மையார், தம் மகளின் வெற்றியைக் கண்டுவிட்டே போனார் என்று படித்தபோது எங்களுக்கு மனம் நெகிழ்ந்தது.

அதன்பின் வழி திறந்துவிட்டது. கழுத்தில் உள்ள தைராய்டுச் சுரப்பி அயோடினை விரும்பி இழுத்துக்கொள்ளும். ஆகவே கதிரியக்க அயோடினைக் கொடுத்தால் அது நேரே அங்கே சென்று சேரும். 1941 இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் தைராய்டு மிகையாகச் சுரக்கும் நோயாளிக்கு முதன்முதலாக இம்மருந்தைக் கொடுத்தார். பின்னர் வந்தது டெக்னீஷியம் என்னும் தனிமம். அதன் ஒரு வகைக்கு அரை ஆயுட்காலம் 6 மணி நேரமே. அவ்வளவு விரைவில் குறைந்துபோகும் பொருளைத் தொலைவிலிருந்து எப்படிக் கொண்டுவருவது? அதன் தாய்ப் பொருளான மாலிப்டினத்தின் அரை ஆயுட்காலம் 66 மணி. அதை ஒரு குழாயில் அடைத்து மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். நாள்தோறும் காலையில் உப்புநீரை அதன் வழியே செலுத்தினால் புதிதாகப் பிறந்த டெக்னீஷியம் கரைந்து வரும். இதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘பால் கறத்தல்’! எலும்பு, சிறுநீரகம், இதயம் ஆகியவற்றின் பரிசோதனைகள் பலவற்றுக்கும் இந்தப் பால்தான் ஆதாரம்.

இனி, இக்கட்டுரையின் தலைப்புக்கு வருவோம். ‘பெட் ஸ்கேன்’ என்று இன்று பலரும் சொல்லக் கேட்கிறோம். இதில் பயன்படுவது பாசிட்ரான் என்னும் துகள். எலக்ட்ரானைப் போன்ற எடையும் அதற்கு எதிரான நேர்மின்னூட்டமும் கொண்டது அது. 1932 இல் கார்ல் ஆண்டர்சன் அதைக் கண்டுபிடித்தார். ஃபுளோரின்-18 என்ற ஐசோடோப்பு பாசிட்ரானை வெளியிடும். வெளிவந்த பாசிட்ரான் அருகிலேயே ஓர் எலக்ட்ரானைச் சந்திக்கும். சந்தித்ததும் இரண்டும் மறைந்துவிடும்! பருப்பொருள் ஆற்றலாக மாறுகிறது. இரண்டு காமாக் கதிர்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிர்த்திசையில் புறப்படுகின்றன. நோயாளியைச் சுற்றி வளையம்போல் அமைந்த கருவியில் எதிரெதிரே உள்ள இரு புள்ளிகள் ஒரே கணத்தில் அந்தக் கதிர்களைப் பெற்றால், அவ்விரண்டையும் இணைக்கும் கோட்டில்தான் நிகழ்ச்சி நடந்தது என்பது உறுதி. இப்படி இலட்சக்கணக்கான கோடுகளைக் கணினி சேர்த்துப் பார்த்தால் அவை வெட்டிக்கொள்ளும் இடம் ஒளிப்புள்ளியாகத் தெரியும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியைக் காணும் வடிவியல் கணக்கு ஓர் உயிரைக் காக்க உதவும் என்று இதற்கு முன் நாங்கள் நினைத்ததில்லை. 1970-களின் நடுவில் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் மைக்கேல் ஃபெல்ப்ஸ், எட்வர்டு ஹாஃப்மன், மிஷேல் டெர்-பொகோசியன் ஆகியோர் இக்கருவிக்கு உருக்கொடுத்தனர்.

கருவி இருந்தால் போதுமா? உள்ளே செல்ல ஒரு தூதன் வேண்டுமே! 1920-களிலேயே ஜெர்மனி நாட்டு அறிஞர் ஓட்டோ வார்பர்க், புற்றுநோய்ச் செல்கள் மற்றச் செல்களைவிட மிக அதிகமாகக் குளுக்கோசை விழுங்குகின்றன என்று கண்டறிந்திருந்தார். அந்தப் பேராசையையே பொறியாக வைத்துவிட்டார்கள். குளுக்கோசைப் போன்ற ஒரு சர்க்கரையில் ஃபுளோரின்-18 ஐ இணைத்து எஃப்.டி.ஜி. என்ற மருந்தைச் செய்தனர். செல் இதைச் சர்க்கரை என்றே எண்ணி உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுத்த பின்தான் தெரியும், இதை முழுதும் செரிக்க முடியாது என்று. வந்த தூதன் வெளியேயும் போக முடியாமல் அங்கேயே தங்கி ஒளி காட்டுவான். நியூயார்க்கை அடுத்த புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் இதைத் தயாரித்த குழுவில் ஜோவன்னா ஃபௌலர் என்னும் பெண் வேதியியலறிஞரும் ஒருவர். 1976 ஆகஸ்டில் இம்மருந்தை விமானத்தில் ஏற்றிப் பிலடெல்பியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே அபாஸ் அலாவி என்னும் மருத்துவர் அதை மனிதருக்கு முதன்முதலாகச் செலுத்தினார். விமானம் தாமதித்திருந்தால்? ஃபுளோரின்-18 இன் அரை ஆயுட்காலம் 110 நிமிடமே!

இவையெல்லாம் எங்களுக்குப் பாடமாக மட்டும் இருந்துவிடவில்லை. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாயாருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் மார்பில் கட்டி வந்து அறுவை சிகிச்சை நடந்தது. நலமாகத்தான் இருந்தார்கள். இவ்வாண்டு இருமலும் உடல் மெலிவும் கண்டதால் மருத்துவர் பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். வீட்டில் பாட்டி ஒப்புக்கொள்ளவில்லை. “ஊரை அழிச்ச சாமானை உடம்புல ஏத்துவாங்களா? வேண்டாம்டியம்மா” என்று அழுதார்களாம். மறுநாள் தோழி வகுப்பில் வாய் திறக்கவில்லை. அறிவியல் கற்பிக்கும் சிஸ்டர் காரணத்தைக் கேட்டறிந்து, அன்று நடத்த இருந்த கணக்குகளை ஒதுக்கிவிட்டு, கரும்பலகையில் 110 என்று எழுதினார்கள். “பாட்டிக்குப் பதில் சொல்ல ஆளுக்கொரு கணக்குப் போடுங்கள்” என்றார்கள்.

110 நிமிடத்தில் பாதி. 220 நிமிடத்தில் கால் பங்கு. இப்படியே போனால் ஒரு நாளில் 13 முறை பாதியாகிறது. 2 ஐ 13 முறை பெருக்கினால் 8192. அதாவது மறுநாள் அதே நேரத்தில் எண்ணாயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சியிராது. அதிலும் ஒரு பகுதி சிறுநீரோடு முன்னமே போய்விடும். கதிர் வீசி முடித்த ஃபுளோரின்-18 என்ன ஆகிறது தெரியுமா? ஆக்சிஜனாகிவிடுகிறது! கேடற்ற ஆக்சிஜன்-18. தோழி இந்தக் கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டு போய்ப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினாள்.

இதனால் கதிரே இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானிலிருந்தும் நாம் எல்லோரும் ஆண்டுதோறும் சிறிது கதிரைப் பெறுகிறோம். உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் என்பர். பெட், சி.டி. இரண்டும் சேர்ந்த பரிசோதனையில் சில ஆண்டுகளுக்குரிய அளவு ஒரே நாளில் கிடைத்துவிடும். ஆகவே தேவையின்றி எவருக்கும் இதைச் செய்வதில்லை. கருவுற்ற பெண்களுக்குப் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். பரிசோதனை முடிந்தவர்கள் சில மணி நேரம் கைக்குழந்தைகளைத் தூக்காமல் இருக்கச் சொல்கிறார்கள். தோழியின் வீட்டில் அன்று அவளுடைய அக்காவின் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவைத்தார்கள்.

பரிசோதனை நாளில் ஏறக்குறைய 6 மணி நேரம் பட்டினி. முதலில் இரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்க்கிறார்கள். அது மிகுந்திருந்தால் உண்மைச் சர்க்கரையும் தூதனும் போட்டியிட்டுப் படம் கெட்டுவிடும். ஊசி போட்ட பின் ஒரு மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். நடந்தால் கால் தசைகள் அந்தச் சர்க்கரையை எடுத்துக்கொள்ளுமாம். படத்தில் மூளை எப்போதும் ஒளிர்ந்தே தெரியும், அது ஓயாமல் சர்க்கரை தின்னும் உறுப்பு அல்லவா! இதயமும் சிறுநீர்ப்பையும்கூட ஒளிரலாம். எது இயல்பான ஒளி, எது வேண்டாத ஒளி என்று பிரித்தறிவது தேர்ந்த மருத்துவரின் வேலை.

தோழியின் தாயாருக்கு நெஞ்சுக்குள் சில நிணநீர்க் கணுக்கள் பளிச்சென்று ஒளிர்ந்தன. பழைய நோய் திரும்பிவிட்டது என்றே வீட்டார் எண்ணினார்கள். அப்போது மருத்துவர் சொன்னது எங்களுக்கு மறக்காது: “அங்கே சர்க்கரை செலவாகிறது என்று மட்டும்தான் படம் சொல்கிறது, தின்பது யார் என்று சொல்லவில்லை.” புற்றுநோயைப் போலவே காசநோய்க் கிருமியை எதிர்த்துப் போராடும் செல்களும் சர்க்கரையை அள்ளித் தின்னும். நம் நாட்டில் காசநோய் மிகுதி. ஒளிர்ந்த கணுவிலிருந்து ஊசி மூலம் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். காசநோய்தான்! ஆறு மாத மாத்திரையில் இப்போது நான்காம் மாதம் நடக்கிறது. தோழியும் அவள் தாயாரும் அனுமதித்ததால் இதை எழுதுகிறோம். எந்த இடத்தில் ஊசி குத்த வேண்டும் என்று காட்டியதே இப்படம் செய்த பேருதவி என்பது எங்கள் கருத்து. வடிவத்தைக் காட்டும் சி.டி.யையும் செயலைக் காட்டும் பெட்டையும் ஒரே கருவியில் டேவிட் டவுன்செண்டும் ரொனால்டு நட்டும் சேர்த்திராவிட்டால் அந்த இடம் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திராது. அவர்களுடைய முதல் கருவி 1998 இல் பிட்ஸ்பர்க்கில் நோயாளிகளைப் படமெடுத்தது.

சர்க்கரை அல்லாத தூதர்களும் இப்போது வந்துவிட்டார்கள். நினைவை அழிக்கும் அல்சைமர் நோயில் மூளையில் படியும் புரதத்தைத் தேடிச் செல்லும் பொருள் ஒன்று பற்றி 2004 இல் செய்தி வெளியாயிற்று. ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோயைத் தேடிச் செல்லும் மருந்துகளும் உண்டு. 2018 இல் தலை முதல் கால் வரை உடல் முழுவதையும் ஒருசேரப் படமெடுக்கும் நீண்ட கருவி சீனாவின் ஷாங்காய் நகரில் முதல் மனிதப் படங்களை எடுத்தது.

நம் நாட்டில் 1956 இல் டிராம்பேயில் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. 1963 இல் பம்பாயில் கதிர்வீச்சு மருத்துவ மையம் ஏற்பட்டது. ஃபுளோரின்-18 ஐச் செய்யும் சைக்கிளோட்ரான் 2002 இல் அங்கேதான் முதலில் மருத்துவத்திற்கென நிறுவப்பட்டது. இன்று சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் பெட் கருவிகள் உள்ளன. ஆனால் கருவி உள்ள எல்லா ஊரிலும் சைக்கிளோட்ரான் இல்லை. மருந்தை ஈயப் பெட்டியில் வைத்து வாகனத்தில் விரைந்து கொண்டுவர வேண்டும். வழியில் 220 நிமிடம் ஆகுமானால், ஒருவருக்குத் தேவையானதைப் போல் நான்கு மடங்கு ஏற்றி அனுப்பினால்தான் உரிய அளவு வந்து சேரும். செலவு கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். தோழியின் தாயாரை விடியற்காலை ஆறரை மணிக்கே வரச் சொன்னது ஏன் என்று பாட்டி கேட்டாராம். மருந்து ஏற்றிய வண்டி அதற்கு முன்பே புறப்பட்டு வந்துகொண்டிருந்தது.