வழிகாட்டும் இணையதளம்: ஒரு திட்டம்

பத்தாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு மாணவியும் “அடுத்து என்ன படிப்பது?” என்ற வினாவின் முன் நிற்கிறாள். படித்த குடும்பத்துப் பெண்ணுக்கு விடை கூற அக்காள், அத்தை, மாமா என்று பலர் உண்டு. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றும் தாயின் மகளுக்கு யார் உண்டு? அவளுக்கு மூத்த மாணவி ஒருத்தியைத் துணையாக்கும் இணையதளம் எவ்வாறு அமைய வேண்டும் என்று காண்போம்.

மூத்தோர் துணை

இது புதிய கருத்தன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். 1789-இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், இந்நாட்டுச் சிறுவர் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டார். பின்னர் மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்திலும் பரவியது.

அமெரிக்காவில் 1997-இல் தோன்றிய ‘மென்டார்நெட்’, பொறியியலும் அறிவியலும் பயின்ற பெண்களை அத்துறைகளில் பணிபுரிவோருடன் மின்னஞ்சல் வழியே இணைத்தது. தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்திற்கும் தனி இணையதளம் அமைந்தது. அது மாநிலம் முழுமைக்கும் உரியது. நம் ஊர்ப் பெண்ணின் தயக்கத்தைப் போக்கவோ, அதே ஊரில் வளர்ந்த ஒருத்தியின் சொல் வேண்டும்.

இடம்பெற வேண்டியவை

1. வினாக்கள்: முதற்பக்கத்தில் வாழ்த்துரைகளும் படங்களும் வேண்டா. மாணவியர் கேட்கும் வினாக்களே வேண்டும். பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப் எடுப்பது? பாலிடெக்னிக்கில் சேரலாமா? விடுதியில் தங்க வீட்டில் சம்மதம் பெறுவது எப்படி?

2. வழிகாட்டியர்: மருத்துவர், பொறியாளர் மட்டும் போதாது. செவிலியர், கிராம நிர்வாக அலுவலர், வங்கி ஊழியர், தேர்வில் தவறிப் பின் எழுதி வென்றவர் ஆகியோரும் வேண்டும். ஒருவருக்கு இரண்டு மூன்று மாணவியரே பொறுப்பாக இருந்தால் பதில் தாமதமாகாது.

3. உதவித்தொகை: பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கென மத்திய அரசு உதவித்தொகை வழங்குவதைக்கூட அறியாத வீடுகள் உண்டு. விதிகளும் மாறும். 2022 செப்டம்பரில் தொடங்கிய ‘புதுமைப் பெண்’ திட்டம் முதலில் அரசுப் பள்ளி மாணவியருக்கு மட்டுமே உரியதாயிருந்தது; 2024 டிசம்பரில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கும் விரிந்தது. பழைய செய்தியை மாற்றாமல் விட்டிருந்தால், உரியவளே “நமக்கில்லை” என்று திரும்பியிருப்பாள். ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியாகச் சரிபார்த்த தேதி இருத்தல் வேண்டும்.

4. பாதுகாப்பு: மாணவியின் படமும் கைபேசி எண்ணும் வெளிவரலாகாது. கடிதங்கள் யாவும் பொறுப்பாசிரியையின் பார்வைக்கு வர வேண்டும், தனிப்பேச்சுக்கு இடமில்லை. பதினெட்டு வயது நிரம்பாதோரின் விவரங்களைப் பெறப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டுமென 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. குழந்தைகள் உதவி எண் 1098 எல்லாப் பக்கங்களிலும் தெரிய வேண்டும்.

5. எளிமை: பல வீடுகளில் கைபேசி ஒன்றே, அதுவும் அப்பா வேலையிலிருந்து திரும்பிய பிறகே கைக்கு வரும். எனவே பக்கங்கள் விரைவில் திறக்க வேண்டும். படிக்க இயலாத தாயும் கேட்கும்படி பதில்களைத் தமிழில் குரலாகவும் பதிய வேண்டும். பொதுவான பதில்களை அச்சிட்டுப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம்.

முடிவுரை

இணையதளத்தின் பெருமை அதில் பதில் சொல்வோரின் பட்டங்களில் இல்லை. கேட்கத் தயங்கியவள் கேட்டாளா, அவள் தாய்க்கும் அது விளங்கிற்றா என்பதே அளவுகோல். இன்று கேட்கும் நாம் நாளை பதில் சொல்லும் அக்காள்களாவோம். அதற்கு இப்போதே நம்மை ஆயத்தப்படுத்திக் கொள்வோமாக!